ஆசை, குடும்பம், கிரிப்டோ: புதுச்சேரி வழக்கும் 300 வருட பழைய நாடகமும் - முழு விளக்கம்

"நம்ம சித்தப்பாவே போட்டிருக்காரு, பயப்படாம போடுங்க." கிரிப்டோ மோசடியில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரைவதற்குப் பல நேரங்களில் இந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருக்கிறது. விளம்பரத்தை சந்தேகிக்கும் நாம், சொந்தக்காரர் சொன்னால் கேள்வி கேட்பதில்லை. புதுச்சேரியில் பதிவான ஒரு வழக்கையும், அதே ஊரின் பெயர்ப்பலகையில் ஒளிந்திருக்கும் ஒரு பழைய கதையையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வலை எப்படிப் பின்னப்படுகிறது என்பது புரியும்.

புதுச்சேரியில் என்ன நடந்தது?

2025 பிப்ரவரியில் புதுச்சேரி சைபர் கிரைம் போலீசார் விசாரித்த ஒரு கிரிப்டோ வழக்கு தேசிய அளவில் செய்தியானது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தில் சுமார் 98 லட்சம் ரூபாய் போட்டு ஏமாந்துவிட்டதாக, ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் புகார் கொடுத்திருந்தார். இணையத்தில் பார்த்த விளம்பரம்தான் தொடக்கம். பிறகு அவருடைய நண்பர்களும் பணம் போட்டனர். மொத்த இழப்பு கோடிகளைத் தாண்டியது.

2022-ல் கோவையில் திரைப் பிரபலம் பங்கேற்ற தொடக்க விழா, பின்னர் மாமல்லபுரத்தில் நட்சத்திர ஓட்டலில் இன்னொரு விழா, முதலீட்டாளர்களுக்கு கார் பரிசு என்று எல்லாமே பிரம்மாண்டமாக நடந்ததாகப் புகாரில் சொல்லப்பட்டது. இருவர் கைது செய்யப்பட்டனர். குற்றச்சாட்டு உண்மையா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஒரு விஷயம் இப்போதே தெளிவு: விழா மேடைக்கு வரும் பிரபலம், உங்கள் பணத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

உண்மையான கிரிப்டோவும் மோசடியும் ஒன்றா?

இல்லை. பிட்காயின் 2009-ல் புழக்கத்துக்கு வந்தது. மொத்தம் 2.1 கோடி நாணயங்களுக்கு மேல் உருவாக்க முடியாது. ஒவ்வொரு பரிமாற்றமும் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் ஏறும். விலை மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கும். 2021 நவம்பரில் 69,000 டாலர் அருகே போன பிட்காயின், அடுத்த ஒரே வருடத்தில் 16,000 டாலர் அளவுக்கு விழுந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது.

அதாவது, அசல் கிரிப்டோவில் யாராலும் "மாசம் இவ்வளவு கண்டிப்பா வரும்" என்று சொல்ல முடியாது. மோசடித் திட்டங்களில் பெரும்பாலும் நாணயமே வாங்கப்படுவதில்லை. செயலியில் தெரிவது வெறும் எண். புதிதாக வருபவர் போடும் பணத்திலிருந்து பழையவருக்கு கொஞ்சம் கொடுப்பார்கள். அதைத்தான் "லாபம்" என்று காட்டுவார்கள்.

லாஸ்பேட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

புதுச்சேரிவாசிகள் தினமும் சொல்லும் பெயர் லாஸ்பேட்டை. பிரெஞ்சு ஆட்சியில் 1765 முதல் 1777 வரை ஆளுநராக இருந்த ஜான் லா டி லாரிஸ்டன் பெயரால் வந்தது அது. இவருடைய பெரியப்பாதான் ஜான் லா. உலகின் முதல் பெரிய பங்குச்சந்தை வீழ்ச்சிகளில் ஒன்றுக்குக் காரணமான ஸ்காட்லாந்துக்காரர்.

ஜான் லா 1716-ல் பாரிஸில் வங்கி தொடங்கி காகிதப் பணம் வெளியிட்டார். அடுத்த வருடம் அமெரிக்காவின் மிசிசிப்பி பகுதியில் வணிகம் செய்ய ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 1719-ல் பிரெஞ்சு கிழக்கிந்திய கம்பெனியும் அதோடு இணைக்கப்பட்டது. புதுச்சேரியை நிர்வகித்த கம்பெனி அதுதான். 500 லிவர் முகமதிப்புள்ள பங்கு, அந்த வருடக் கடைசியில் சுமார் 10,000 லிவர் வரை போனது. பிரபுக்கள் முதல் வேலைக்காரர்கள் வரை பாரிஸின் கேன்காம்புவா தெருவில் முண்டியடித்தார்கள்.

1720-ல் எல்லாம் சரிந்தது. அந்த வருட இறுதியில் நாட்டை விட்டு வெளியேறிய ஜான் லா, 1729-ல் வெனிஸில் இறந்தார்.

இது எப்படி மேடை நாடகம் ஆனது?

பிரான்சில் பற்றிய பங்கு மோகம் ஹாலந்துக்கும் பரவியிருந்தது. 1720-லேயே டச்சு நாடக ஆசிரியர் பீட்டர் லாங்கென்டைக் அந்தப் பாரிஸ் தெருவின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். துணைத் தலைப்பு 'காற்று வியாபாரிகள்'. கையில் சரக்கே இல்லாமல் நடக்கும் வியாபாரத்தை டச்சு மக்கள் "காற்று வியாபாரம்" என்றுதான் கிண்டல் செய்தார்கள்.

கதை ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. பங்கு மோகம் பிடித்த அப்பா, மகள் விரும்பும் பையனை ஒதுக்கிவிட்டு, பங்கில் பணம் குவித்தவனுக்கு அவளைக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார். ஆசை, குடும்பம், திடீர் பணம் ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் அந்த நாடகத்தில் கதையே இருக்காது. பங்கு என்ற இடத்தில் கிரிப்டோ என்று மாற்றிப்போட்டால், இன்றைக்கும் அப்படியே மேடையேற்றலாம்.

மோசடி நாடகத்தின் நான்கு காட்சிகள் என்ன?

முதல் காட்சி, நம்பிக்கை. சின்னத் தொகை போடச் சொல்வார்கள். லாபத்தோடு திருப்பியும் தருவார்கள். "பார்த்தீங்களா, வந்துடுச்சு" என்று நாமே ஊருக்குச் சொல்ல ஆரம்பிப்போம்.

இரண்டாவது, மேடை. ஓட்டல் விழா, மாலை, கேடயம், கார் சாவி. வெளிநாட்டிலும் இதே கதைதான். ஒன்காயின் என்ற போலி கிரிப்டோவை நடத்திய ருஜா இக்னடோவா, 2016 ஜூனில் லண்டன் வெம்ப்ளி அரங்க மேடையில் ஆரவாரத்தோடு தோன்றினார். 2017 அக்டோபரில் தலைமறைவானார். 2022-ல் அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் முக்கியக் குற்றவாளிகள் பத்துப் பேர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். அவருக்குப் பிறகு நிறுவனத்தை நடத்தியது அவருடைய சொந்தத் தம்பி. அவரும் கைதாகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது, குடும்பம். "பத்துப் பேரைச் சேர்த்தா கமிஷன்" என்றதும் மச்சான், சம்பந்தி, அலுவலக நண்பர் எனப் பட்டியல் நீளும்.

நான்காவது, பூட்டு. பணத்தை எடுக்கப் போனால் "வரி கட்டுங்க", "சர்வர் பராமரிப்பு", "கணக்கைத் திறக்க கட்டணம்" என்பார்கள். அதையும் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒருவர் பத்துப் பேரைச் சேர்க்க, அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறாவது அடுக்கில் மட்டும் 10 லட்சம் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்புப்படி புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 12.5 லட்சம். அதற்கு மேல் ஆளுக்கு எங்கே போவது?

மாதம் 10 சதவீதம் லாபம், அதையும் திரும்ப முதலீடு செய்யலாம் என்றால், ஒரு லட்சம் ரூபாய் ஐந்தே வருடத்தில் 3 கோடியைத் தாண்ட வேண்டும். அப்படி ஒரு தொழில் தெரிந்தவர், நம் வீட்டு வாசலில் வந்து பணம் கேட்க மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் கிரிப்டோ வைத்திருப்பது குற்றம் இல்லை. ஆனால் அது செல்லுபடியாகும் பணமும் இல்லை. கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. 2022 ஜூலை முதல் பரிமாற்றத்தில் 1 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. 2023 மார்ச்சில் கிரிப்டோ தளங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. அவை மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும்.

வசீர்எக்ஸ் தளத்தில் 2024 ஜூலையில் நடந்த சைபர் திருட்டுக்குப் பிறகு, தன் நாணயங்கள் முடக்கப்பட்டதை எதிர்த்து ஒரு முதலீட்டாளர் தொடர்ந்த வழக்கில், கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களுக்கு 1978-ம் ஆண்டு சட்டப்படியே தடை உண்டு. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களை 2019-ம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது. இந்தத் திட்டங்களை நடத்துவதோடு, அவற்றில் பணம் போடும்படி மற்றவர்களைத் தூண்டுவதும் குற்றமாகலாம். கமிஷனுக்காக உறவினர்களைச் சேர்த்துவிட்டவர், தானும் பணத்தை இழந்த பிறகு, காவல் நிலையத்தில் பதில் சொல்லவும் நேரிடலாம்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது?

உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, வங்கிக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, வாலட் முகவரி, விழா அழைப்பிதழ் எதையும் அழிக்கக் கூடாது. "போன பணத்தை மீட்டுத் தர்றோம், முன்பணம் கட்டுங்க" என்று வரும் அழைப்பு இரண்டாவது மோசடி.

வீட்டில் எப்படிப் பேசுவது?

ஏமாந்தவர்கள் அவமானத்தால் வாய் திறப்பதில்லை. மனைவிக்குத் தெரியாமல் நகை அடகு வைத்தவர், பிள்ளைகளுக்குச் சொல்லாமல் ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர் எல்லோரும் "அடுத்த மாசம் வந்துடும்" என்றே நாளைத் தள்ளுகிறார்கள். அந்த மௌனம்தான் மோசடிக்காரர்களுக்குக் கிடைக்கும் அவகாசம். "எவ்ளோ போச்சு?" என்று சண்டை பிடிக்கும் முன், "வாங்க, முதல்ல புகார் கொடுக்கலாம்" என்று சொல்பவர் வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.

அடுத்த முறை சித்தப்பாவோ மச்சானோ சிபாரிசு செய்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க போட்ட அசல் முழுசையும் இன்னைக்கே எடுத்துக் காட்ட முடியுமா?" எடுக்க முடியாத பணம், செயலியில் எவ்வளவு காட்டினாலும், காற்றுதான்.