பெரும்பலகைச் சதுரங்க வகைகளில் விரைவு இறுதி முற்றுகை

பெரும்பலகைச் சதுரங்கம் என்பது வழமையான 64 கட்டங்களைவிடக் கூடுதலான கட்டங்கள் கொண்ட பலகையில் ஆடப்படும் சதுரங்க வகைகளைக் குறிக்கும். பலகை பெரிதானால் ஆட்டமும் நீளும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இவற்றுள் சிலவற்றில் மூன்றே நகர்த்தல்களில் இறுதி முற்றுகை நிகழக்கூடும். வழமையான சதுரங்கத்தின் மிகக் குறுகிய ஆட்டமான முட்டாளின் இறுதி முற்றுகை இரண்டு நகர்த்தல்களில் முடிவதாகும்.

வரலாறும் புதிய காய்களும்

இத்தாலியரான பியேத்ரோ கரேரா 1617 இல் 10×8 பலகையில் இரு கூட்டுக் காய்களைச் சேர்த்தார். என்றி பேர்டு 1874 இலும், ஒசே ரவுல் கப்பபிளாங்கா 1920களிலும் இதே எண்ணத்தை வேறு வேறு தொடக்க அடுக்குகளுடன் முன்வைத்தனர். உயர்நிலை ஆட்டங்கள் எல்லாம் சமநிலையில் முடியும் காலம் வந்துவிடும் என்பது கப்பபிளாங்காவின் கவலை. எட் டிரைசு உருவாக்கிய கோதிக் சதுரங்கம் 2002 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அது பின்னர் காலாவதியானது.

கோட்டையும் குதிரையும் இணைந்த காய் சான்சலர் எனப்படும். அமைச்சரும் குதிரையும் இணைந்தது ஆர்ச்பிசப். ஆர்ச்பிசப் சான்சலரைவிட வலிமை குறைந்ததாகவே கருதப்படுகிறது. ஆயினும் மூலையில் நிற்கும் தனி அரசனை வேறு காயின் துணையின்றி இறுதி முற்றுகையிட அதனால் இயலும். அரசன் ஏ1 இலும் ஆர்ச்பிசப் சி3 இலும் நின்றால் ஏ2, பி1, பி2 ஆகிய மூன்று கட்டங்களும் அடைபட்டுவிடும். சான்சலராலோ அரசியாலோ இது முடியாது.

கோதிக் சதுரங்கப் பொறி

கோதிக் சதுரங்கத்தில் ஏ முதல் ஜே வரையான கட்டங்களில் கோட்டை, குதிரை, அமைச்சர், அரசி, சான்சலர், அரசன், ஆர்ச்பிசப், அமைச்சர், குதிரை, கோட்டை என்ற வரிசையில் காய்கள் நிற்கும். பின்வரும் ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்க்கலாம்.

1. வெள்ளை ஆர்ச்பிசப் எச்3. கறுப்புக் காலாள் எச்6
2. வெள்ளை ஆர்ச்பிசப் எஃப்4. கறுப்புக் காலாள் எஃப்5
3. வெள்ளை ஆர்ச்பிசப் ஜி6, இறுதி முற்றுகை

ஜி6 இல் இருந்து ஆர்ச்பிசப் குதிரைப் பாய்ச்சலால் எஃப்8 இல் உள்ள அரசனைத் தாக்குகிறது. பாய்ச்சலுக்கு இடையில் காய் வைத்துத் தடுக்க வழியில்லை. அரசனைச் சுற்றிக் காலியாக உள்ள ஒரே கட்டம் எஃப்7. அதை அதே ஆர்ச்பிசப் மூலைவிட்டமாகக் காக்கிறது. ஜி6 ஐக் காத்துவந்த காலாட்கள் இரண்டும் முன்னேறிவிட்டதால் அதை வெட்டவும் எவருமில்லை. கறுப்பு எஃப்5க்குப் பதில் எஃப்6 ஆடினாலும் முடிவு இதுவே.

அந்த இடத்தில் வெறும் குதிரையோ சான்சலரோ நின்றிருந்தால் அரசன் எஃப்7க்குத் தப்பியிருப்பான். அரசி நின்றிருந்தால் முற்றுகையே இல்லை. கறுப்பு முதல் நகர்த்தலில் பெரிய பிழை எதுவும் செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது; எச் காலாள் நகர்ந்தபின் எஃப் காலாளே ஜி6 இன் ஒரே காவல் என்பதை மறந்ததுதான் பிழை.

பிற வகைகளில்

கப்பபிளாங்காவின் அடுக்கில் இந்தப் பொறி பலிக்காது. அங்கே எச்8 இல் நிற்கும் சான்சலர் தன் குதிரைப் பாய்ச்சலால் ஜி6 ஐக் காக்கிறது. ஆனால் அவ்வடுக்கிற்கு வேறொரு குறை உண்டு. ஐ7 காலாளுக்குத் தொடக்கத்தில் எந்தக் காவலும் இல்லை. வெள்ளை முதல் நகர்த்தலிலேயே டி காலாளை முன்னேற்றினால், சி1 இல் உள்ள ஆர்ச்பிசப் நேரே ஐ7 ஐக் குறிவைக்கும். அதை வெட்டிவிட்டால் சான்சலர், கோட்டை, அமைச்சர் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் தாக்கப்படும்.

கிறித்தியான் பிரீலிங் 1984 இல் உருவாக்கிய கிராண்ட் சதுரங்கம் 10×10 பலகையில் ஆடப்படுகிறது. அதில் இதே கூட்டுக் காய்கள் மார்சல், கார்டினல் என்ற பெயர்களில் உள்ளன. கோட்டைகள் மட்டுமே முதல் வரிசையில் நிற்க, அரசனும் ஏனைய காய்களும் இரண்டாம் வரிசையில் நிற்பதால் அரசனுக்குப் பின்னால் மூன்று கட்டங்கள் காலியாக இருக்கும். எனவே சொந்தக் காய்களே அரசனை நெருக்கி அடைக்கும் மேற்கண்ட வகை முற்றுகை அங்கே தொடக்கத்தில் எளிதில் அமைவதில்லை.