ஏட்டில் ஓர் உயரம், திரையில் ஓர் உயரம்

கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான போக்கிமான் விளையாட்டின் சிவப்பு, பச்சைப் பதிப்புகளில் 151 கற்பனை உயிர்கள் இடம்பெற்றிருந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரமும் ஓர் எடையும், ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஆட்டக்காரரிடம் ஒப்படைக்கப்படும் போக்கிடெக்ஸ் என்னும் மின்னணுக் கையேட்டில் பதிவாகியிருந்தன. அக்கையேட்டின்படி, மண்ணுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டும் டிக்லெட்டின் உயரம் 0.2 மீட்டர், பாறைகளைக் கோத்துச் செய்தது போன்ற உடலைக் கொண்ட ஓனிக்ஸ் என்னும் பாம்பின் நீளம் 8.8 மீட்டர். ஒன்று மற்றொன்றைப் போல் 44 மடங்கு பெரிது என்று ஏடு சொல்ல, சண்டைத் திரையிலோ பெரியது சிறியதைவிட ஏதோ கொஞ்சம் பருமனாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இம்முரணைப் படைப்பாளர்களின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது எளிது என்றாலும், அது சரியான விளக்கம் ஆகாது. எண் ஒரு மரபிலிருந்தும் படம் வேறொரு மரபிலிருந்தும் வந்து சேர்ந்தன என்பதும், அவ்விரண்டையும் ஒத்துப்பார்க்க வேண்டிய கட்டாயம் நெடுங்காலம் எழவே இல்லை என்பதும்தான் அதன் வரலாறு.

எண்ணின் மரபு ஜப்பானிய அரக்கத் திரைப்படங்களுக்குச் செல்கிறது. 1954-இல் திரைக்கு வந்த காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர் என்று வகுக்கப்பட்டது. நகரத்துக் கட்டடங்கள் உயர உயர அந்த அரக்கனும் வளர வேண்டியிருந்ததால், 1984-ஆம் ஆண்டுப் படத்தில் அது 80 மீட்டராகவும் 1991-இல் 100 மீட்டராகவும் ஆயிற்று. அதற்கு முன்பே, 1933-இல் வெளிவந்த அமெரிக்கப் படத்தில், தன் தீவில் 18 அடி உயரத்தில் உலவிய கிங் காங் நியூயார்க் வந்ததும் 24 அடிக்கு ஓங்கியதுண்டு. 1962-இல் காட்ஸில்லாவோடு மோதவைக்கப்பட்டபோதோ அதே குரங்குக்கு 45 மீட்டர் உயரம் தரப்பட்டது. காட்சிக்கு ஏற்ப உருவம் நீள்வதும் குறுகுவதும் இத்துறையில் புதிதல்ல என்பதை இவை காட்டுகின்றன. ஆயினும் 1966-இல் தொலைக்காட்சியில் அல்ட்ராமேன் தொடர் தொடங்கியபின், அரக்கர்களின் உயரம், எடை, உடலின் உள்ளுறுப்புகள் ஆகியவற்றைப் படத்துடன் விளக்கும் சிறுவர் நூல்கள் பெருகின. அவற்றைத் தொகுத்தவர்களுள் ஓட்டோமோ ஷோஜி முதன்மையானவர். 40 மீட்டர் உயரமும் 35,000 டன் எடையும் உடைய ஒரு வீரன் எப்படி நிலத்தில் புதையாமல் நிற்கிறான் என்று அச்சிறுவர்கள் கேட்கவில்லை; அவர்களுக்கு அந்த எண்கள் மனப்பாடம் செய்து நண்பனிடம் ஒப்பிப்பதற்கான செல்வம்.

போக்கிமானை உருவாக்கிய சடோஷி தஜிரி 1965-இல் பிறந்தவர், ஆகவே இத்தலைமுறையைச் சேர்ந்தவர். தோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்த இளமை அனுபவமும், 1967-ஆம் ஆண்டின் அல்ட்ராசெவன் தொடரில் நாயகன் சிறு குப்பிகளில் அடைத்து எடுத்துச் செல்லும் அரக்கர்களும் அவருடைய கற்பனைக்கு ஊற்றாக அமைந்தன. விளையாட்டுக்கு முதலில் எண்ணியிருந்த பெயரே ‘கேப்சூல் மான்ஸ்டர்ஸ்’ என்பதுதான். பூச்சி சேகரிப்பவருக்கும் அரக்க நூல் படிப்பவருக்கும் பொதுவானது, பெயருக்குக் கீழே அளவைக் குறித்து வைக்கும் பழக்கம். போக்கிடெக்ஸில் உயரமும் எடையும் புகுந்தது இவ்வழியே என்று கொள்வதில் பிழையில்லை.

படத்தின் மரபோ முற்றிலும் கருவியைச் சார்ந்தது. கேம் பாயின் திரை அகலத்தில் 160, உயரத்தில் 144 ஒளிப்புள்ளிகள் கொண்டது. நிறங்கள் இல்லை, நான்கு சாயல்கள் மட்டுமே. பக்கத்துக்கு 8 புள்ளி கொண்ட சிறு சதுரங்களை ஓடுகள்போல் அடுக்கித்தான் எந்தப் படத்தையும் அதில் காட்ட முடியும். எதிரே நிற்கும் உயிரின் படத்துக்கு 40, 48, 56 என்னும் மூன்று சதுர அளவுகளே வகுக்கப்பட்டிருந்தன. டிக்லெட்டும் பிகாச்சுவும் 40-இல் அடங்கின, ஓனிக்ஸ் 56-ஐ நிரப்பியது. அளவு வேறுபாட்டை உணர்த்த வேண்டும் என்ற எண்ணம் கென் சுகிமோரி உள்ளிட்ட ஓவியர்களுக்கு இருந்தது என்பதற்கு இம்மூன்று படிநிலைகளே சான்று. எனினும் 44 மடங்கு வேறுபாட்டைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்தது 1.4 மடங்கு இடம். ஏட்டு விகிதத்தை அப்படியே பின்பற்றி ஓனிக்ஸை 56 புள்ளிகளில் வரைந்திருந்தால், அதே திரையில் டிக்லெட்டுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் புள்ளி உயரம்தான் மிஞ்சியிருக்கும். கண்ணும் மூக்கும் அற்ற அத்தகைய ஒரு புள்ளியை எந்தக் குழந்தையும் பிடிக்க விரும்பியிராது. ஓவியர்கள் எண்ணைக் கைவிட்டு முகத்தைக் காத்தது சரியான முடிவே.

சண்டைத் திரைக்கு வெளியே, ஊரும் சாலையுமாக விரியும் நிலப்பரப்பில் இந்த வழக்கம் இன்னும் துணிச்சலானது. அங்கே மனிதரோ விலங்கோ எவராயினும் 16-க்கு 16 புள்ளி கொண்ட ஒரு கட்டமே. 460 கிலோ எடையுடன் வழியை அடைத்துத் தூங்கும் ஸ்னார்லாக்ஸும் அக்கட்டத்துக்குள்தான் உறங்கியது. 0.3 மீட்டர் உயரமும் 1.8 கிலோ எடையுமே உடைய பிட்ஜி என்னும் சிறு பறவை பறக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டால் தன் உரிமையாளரை ஊர்விட்டு ஊர் சுமந்து செல்லும், 0.6 மீட்டர் நீளமுள்ள கோல்டீன் என்னும் மீன் அவரை முதுகில் ஏற்றிக் கடலைக் கடக்கும். நிலப்படத்தில் ஊரைக் குறிக்கும் புள்ளி அவ்வூரின் பரப்பைச் சொல்லாததுபோல், இந்த உருவங்களும் ‘இங்கே இன்னது இருக்கிறது’ என்று குறிக்கும் அடையாளங்களாகவே நின்றன. அன்றைய ஆட்டக்காரர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டனர். 1997 ஏப்ரலில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடருக்கும் ஏட்டின் எண்கள் கட்டளையாகவில்லை. ஏட்டில் 2.2 மீட்டர் மட்டுமே உள்ள டிராகனைட், கலங்கரை விளக்கத்தை நடுவாகக் கொண்ட ஓர் அத்தியாயத்தில் அந்தக் கோபுரத்துக்கே ஈடான பேருருவாகக் கடலிலிருந்து எழுகிறது.

எண்களுக்கு வேலை வந்தது பின்னர்தான், அதுவும் ஒருதலையாக. 1999-இல் வெளிவந்த தங்க, வெள்ளிப் பதிப்புகளில் கனமான உயிர்களை எளிதாகப் பிடிக்க உதவும் ‘ஹெவி பால்’ அறிமுகமானது. 2002-இன் ரூபி, சஃபையர் பதிப்புகளிலிருந்து ‘லோ கிக்’ என்னும் உதையின் வலிமை எதிரியின் எடையைப் பொறுத்ததாக மாற்றப்பட்டு, 10 கிலோவுக்குக் கீழ் மிகக் குறைவாகவும் 200 கிலோவும் அதற்கு மேலும் மிக அதிகமாகவும் கணக்கிடப்பட்டது. எடை இவ்வாறு சண்டை விதிகளுக்குள் நுழைந்துவிட, உயரம் மட்டும் அலங்காரமாகவே தங்கியது. 2013-இன் பம்ப்கபூ ஓர் அரிய விலக்கு: பூசணிக்காய் வடிவிலான அதற்கு 0.3 முதல் 0.8 மீட்டர் வரை நான்கு உருவளவுகள் உண்டு. பெரியது தாக்குப்பிடிக்கும், சிறியது விரைந்தோடும்.

தனித்தனியே எழுதப்பட்ட உயரமும் எடையும் ஒன்றோடொன்றாவது பொருந்துகின்றனவா என்று பார்த்தால், அங்கும் விசித்திரமே காத்திருக்கிறது. ரூபி, சஃபையர் பதிப்புகளில் அறிமுகமான வெய்லார்ட் என்னும் திமிங்கிலத்தின் நீளம் 14.5 மீட்டர், எடை 398 கிலோ. அதன் உருண்ட உடலின் நடுவிட்டத்தை 5 மீட்டர் என்று கொண்டால் கன அளவு ஏறத்தாழ 190 கன மீட்டர் ஆகும். அதாவது ஒரு கன மீட்டருக்கு 2 கிலோ சொச்சம். அதே கன மீட்டர் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கு மேல் நிறுக்கும், வெறுங்காற்றே 1.2 கிலோ இருக்கும் என்பதால், இத்திமிங்கிலம் நீரைவிடக் காற்றுக்கே நெருங்கிய உறவு. அதை மிதக்கும் திமிங்கிலம் என்று ஏடு வகைப்படுத்துவது ஒருவகைச் சமாதானம். எதிர்க்கோடியில், 2016-இன் சன், மூன் பதிப்புகளில் வந்த காஸ்மோயம் 0.1 மீட்டர் உயரத்தில் 999.9 கிலோ எடையைச் சுமக்கிறது. உலகின் மிக அடர்ந்த உலோகமான ஆஸ்மியத்தைப் போல் பல பத்து மடங்கு அடர்த்தி அது. விண்வெளி உயிர் என்பதால் இது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று கொள்ளலாம். வெய்லார்டுக்கு அந்தச் சலுகையைத் தருவது கடினம்.

ஏடும் படமும் முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்ததும் இதே ரூபி, சஃபையர் காலத்தில்தான். போக்கிடெக்ஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பக்கம், உயிரின் நிழலுருவையும் ஆட்டக்காரரின் நிழலுருவையும் உண்மையான விகிதத்தில் அருகருகே நிறுத்திக் காட்டியது. வெய்லார்டின் பக்கத்தைத் திறந்தால் மனித நிழல் கண்ணுக்குத் தட்டுப்படுவதே அரிதாகிச் சிறுத்துவிடும். பக்கத்தை மூடிச் சண்டைக்குப் போனாலோ, பக்கத்துக்கு 64 புள்ளிகள் கொண்ட அதே சதுரத்துக்குள் திமிங்கிலமும் பூனைக்குட்டியும் மறுபடி அடக்கம். அப்பூனைக்குட்டி, 0.6 மீட்டர் உயரமுள்ள ஸ்கிட்டி, முட்டையிடும் உயிர்களைப் பிரிக்கும் பட்டியலில் வெய்லார்டோடு ஒரே குழுவில் வைக்கப்பட்டிருந்ததால் இரண்டும் இணைசேரலாம் என்றாயிற்று. ஆட்டக்காரர்கள் இதைப் பல ஆண்டுகளாகக் கேலி பேசி வருவதில் வியப்பில்லை.

தட்டைப் படங்கள் இருந்தவரை இவையெல்லாம் கேலியோடு போயின. 2013 அக்டோபரில் உலகெங்கும் ஒரே நாளில் வெளியான எக்ஸ், ஒய் பதிப்புகளில் எல்லா உயிர்களும் முப்பரிமாண உருவங்களாக மாறியபோது நிலைமை வேறாயிற்று. தட்டைப் படத்தை ‘அடையாளம்’ என்று ஏற்ற கண், ஒரே தரையில் ஒரே வெளிச்சத்தில் நிற்கும் முப்பரிமாண உடல்களை அளந்து பார்க்கத் தொடங்கியது. அப்போதும் மிகப் பெரியவற்றைச் சுருக்கியும் மிகச் சிறியவற்றைப் பெருக்கியுமே காட்டினர். கேமராவின் சட்டத்துக்குள் இரு தரப்பும் தெரிந்தாக வேண்டும் என்பதே காரணம். 2018-இன் ‘லெட்ஸ் கோ’ பதிப்புகளில் காட்டுயிர்கள் புல்வெளியில் கண்ணெதிரே நடமாடின. ஒரே இனத்துக்குள்ளும் வழக்கத்தைவிடப் பெரியவையும் சிறியவையும் உண்டு என்று அளவு தனித்தனியே பதிவானது. 2022 ஜனவரியின் ‘லெஜண்ட்ஸ்: ஆர்சியஸ்’ அந்த வேறுபாட்டைக் கள ஆய்வாகவே மாற்றி, பெரிய மாதிரிகளையும் சிறிய மாதிரிகளையும் பிடித்துவரும்படி பணித்தது, கைக்குள் அடங்கும் பந்தில் இவ்வளவு பெரிய உடல் எப்படிப் புகுகிறது என்ற பழைய கேள்விக்கும், சுருங்கும் ஆற்றல் எல்லாப் போக்கிமான்களுக்கும் இயல்பிலேயே உண்டு என்று அதில் வரும் பேராசிரியரின் வாயிலாக விடை சொன்னது. கால் நூற்றாண்டு கழித்து வந்த விடை என்றாலும், படைப்பாளர்கள் அளவைப் பற்றி எண்ணத் தொடங்கிவிட்டதற்கு அது அடையாளம்.

அதே ஆண்டு நவம்பரில் வந்த ஸ்கார்லெட், வயலெட் பதிப்புகள் ஏட்டு எண்ணுக்குப் பெரிதும் நெருங்கின. அதற்கான விலையும் உடனே தெரிந்தது: மிகச் சிறிய உயிர்கள் புல்லுக்குள் மறைந்துபோக, ஓடிவரும் ஆட்டக்காரர்கள் அவற்றைக் காணாமலே மோதி, வேண்டாத சண்டையில் சிக்கினர். முகம் தெரிய வேண்டும் என்பதற்காக 1996-இன் ஓவியர்கள் எதைத் துறந்தார்களோ, அதைத் திரும்பப் பெற்றபோது முகம் மறைந்தது. ஆயினும் இப்பதிப்புகளில் உருவளவை முதலிலேயே மனத்தில் வைத்து வடிக்கப்பட்ட ஓர் இணை உண்டு: 12 மீட்டர் நீளமுள்ள டோன்டோசோ என்னும் கெளுத்தி, 0.3 மீட்டர் மட்டுமே உள்ள டாட்சுகிரி என்னும் சிறு மீன். இருவர் இருவராக மோதும் சண்டையில் இவ்விரண்டும் ஒரே அணியில் நின்றால், சிறியது பெரியதன் வாய்க்குள் புகுந்து அங்கிருந்து கட்டளையிட, பெரியதன் ஆற்றல்கள் சட்டென்று உயர்கின்றன.