யமகா ஆர்எக்ஸ் 100

யமகா ஆர்எக்ஸ் 100 என்பது இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட 98 சிசி மோட்டார் சைக்கிள் ஆகும். டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இதன் இருவீச்சுப் பொறியில் கேம் ஷாஃப்ட் இல்லை. பாகங்கள் குறைவாதலால் வீட்டிலேயே பிரித்துப் பழுதுபார்க்க இயலும்.

புதுப்பித்தல்

புதுச்சேரி போன்ற கடலோர நகரங்களில் உப்புக் காற்றால் இரும்புப் பாகங்கள் விரைவில் துருப்பிடிக்கின்றன. பெட்ரோல் தொட்டியின் துரு கார்புரேட்டரை அடைக்கும். ஆயில் பம்பு பழுதானால் மசகின்றிப் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும். எனவே ஓட்டுமுன் இதனைச் சோதித்தல் இன்றியமையாதது.

பதிவு

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். 2021ஆம் ஆண்டின் பழமை வாகன விதிகள் 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். வண்ணம் பூசத் தேய்க்கையில் சேசிஸ் எண் அழிந்தால், வண்டியை அதன் பதிவுச் சான்றுடன் ஒப்பிட இயலாது.