சென்னையில் பாடம் சொன்ன போலந்துப் பேராசிரியர்



யூபிலி என்பது நன்றி நினைவின் காலம். நம் நாட்டுக்கு நற்பணி செய்தும் நம்மில் பலர் அறியாத ஓர் அறிஞரை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தமே. அவர் சார்லஸ் ஹென்றி அலெக்சாந்திரோவிச்.

அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்திருந்த லுவிவ் நகரில் 1902-ஆம் ஆண்டு பிறந்தார். போலந்தின் கிராக்கோ பல்கலைக்கழகத்தில் நாட்டுச் சட்டத்தோடு திருச்சபைச் சட்டமும் பயின்றார். பின்னர் இலண்டனில் வழக்கறிஞரானார்.

1951-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டமும் அரசியலமைப்புச் சட்டமும் கற்பிக்கும் பேராசிரியரானார். நமது அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது. சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், ஒதுக்கீட்டைக் காக்க முதல் திருத்தம் வந்ததும் அதே ஆண்டில்தான். இந்தியாவின் அரசியலமைப்பு வளர்ச்சி பற்றிய அவரது நூல் 1957-இல் வெளிவந்தது.

ஆயினும் அவரது பெரும்பணி வேறு. நாடுகளுக்கிடையிலான சட்டம் ஐரோப்பியரின் சொத்து, கீழ்த்திசை நாடுகள் பிற்காலத்தில் அதில் சேர்க்கப்பட்டவை என்றே பாடநூல்கள் கூறிவந்தன. பேராசிரியரோ பழைய உடன்படிக்கைகளை ஆராய்ந்தார். 16 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் நம் மன்னர்களைச் சுதந்திர அரசர்களாக ஏற்றே ஒப்பந்தம் செய்தனர் என்றும், 19-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர்களே ஆசிய அரசுகளை வெளியே தள்ளினர் என்றும் வாதிட்டார். 1967-இல் வந்த அவரது நூல் இதை விரித்துரைக்கிறது.

பழைய அறிஞர்கள் எல்லா மனிதருக்கும் பொதுவான இயற்கைச் சட்டத்தை நம்பினர். கிறிஸ்தவரல்லாத மக்களும் தங்கள் நிலத்திற்கு உண்மையான உரிமையாளரே என்று 1539-இல் சலமான்காவில் போதித்தவர் டொமினிக்கன் குரு விட்டோரியா. போர்த்துக்கீசியரின் ஆசிய ஆதிக்கத்தை ஆதரித்து 1625-இல் நூல் எழுதிய ஃபிரெய்த்தாசும் ஒரு துறவியே என்பதை நாம் மறைக்கலாகாது. இவரது வாதத்தையும் டச்சு அறிஞர் குரோஷியசின் வாதத்தையும் ஒப்பிட்டு 1959-இல் பேராசிரியர் கட்டுரை எழுதினார்.

இவை நமக்குத் தொலைவான செய்திகள் அல்ல. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படியே திப்பு சுல்தான் பாராமகாலை ஆங்கிலக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நம் தருமபுரிச் சீமை கைமாறியது அப்படித்தான். ஆள்வோர் கையெழுத்திட்டனர், உழுதவனை எவரும் கேட்கவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்போ மக்களின் பெயராலேயே எழுதப்பட்டது. பாப்பிரெட்டிப்பட்டி உழவனுக்கும் அதில் பங்குண்டு.

1961-இல் பேராசிரியர் சிட்னி சென்றார், 1975-இல் காலமானார். வேற்று நாட்டார் ஒருவர் நம் வரலாற்றில் நமக்குரிய மதிப்பைத் தேடி எடுத்துத் தந்தார். நம் பங்கின் இளைஞரும் இளம்பெண்களும் சட்டம் பயில முன்வருவார்களாக! தன் உரிமையை அறிந்தவனே அயலானின் உரிமையையும் காப்பான்.