எபிசோட்: சேன்-பியேரில் இறங்கிய 313 பேர்

போன தடவை ஒரகடத்தைச் சுத்தி இருக்கிற ஏரிகளைப் பத்திப் பேசினோம். இந்த வாரம் கொஞ்சம் தூரமா போறோம். கரீபியன் கடல், மார்த்தினிக் தீவு, சேன்-பியேர்னு ஒரு ஊர்.

இதுக்குக் காரணம் எங்க கம்பெனி பஸ். படப்பையில் டிராஃபிக்கில் மாட்டிக்கிட்டு நிக்கும்போது போனில் தானா ஒரு பாட்டு ஓடுச்சு. கிளாரினெட், டிராம்போன், பின்னாடி டிரம். "பிகின்"னு ஒரு இசை வகையாம். எந்த ஊர்துன்னு தேடினேன். ரெண்டாவது பக்கத்திலேயே நம்ம ஊர் வந்துடுச்சு.

19-ஆம் நூற்றாண்டில் சேன்-பியேரை "கரீபியனின் பாரிஸ்"னு கூப்பிட்டிருக்காங்க. 1786-ல் கட்டின நாடக அரங்கம், சுமார் 800 பேர் உக்காரலாம். தெருவெல்லாம் கார்னிவல். பிகின் வளர்ந்ததும் இந்த ஊர்லதான். 1887-ல் ஓவியர் பால் கோகன் பக்கத்துக் கிராமத்தில் சில மாதம் தங்கி வரைஞ்சார். அதே வருஷம் லாஃப்காடியோ ஹெர்ன்னு ஒரு எழுத்தாளர் வந்து, அந்தத் தீவிலேயே தங்கிப் புத்தகமே எழுதினார். இவங்க விருந்தாளிங்க. பிடிக்கலைன்னா கப்பல் ஏறிப் போகலாம்.

இவங்களுக்கு முன்னாடியே வந்த இன்னொரு கூட்டம் இருக்கு. 1853 மே 6-ஆம் தேதி 'ஒரேலி'ங்கிற கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்துச்சு. அதில் நம்ம பக்கத்திலிருந்து போன 313 பேர்.

ஏன் போனாங்க? 1848-ல் பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழிச்சது. சேன்-பியேரில் மே மாதம் அடிமைகளே கிளர்ந்தெழுந்து, பாரிஸிலிருந்து உத்தரவு வந்து சேரும் முன்னாடியே விடுதலையை வாங்கிட்டாங்க. விடுதலையானவங்களில் பலர் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பத் தயாரா இல்லை. முதலாளிகள் வேற ஆள் தேடினாங்க. கண்ணில் பட்டது புதுச்சேரியும் காரைக்காலும். 1861 ஜூலையில் பிரிட்டனும் பிரான்ஸும் ஒப்பந்தம் போட்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் எடுக்க அனுமதி கிடைச்சது. 1880-கள் வரைக்கும் மார்த்தினிக்குக்கு சுமார் 25,000 பேர், பக்கத்துக் குவாதலூப் தீவுக்கு சுமார் 42,000 பேர். எல்லாரும் தமிழர் இல்லை, ஆனா பெரும்பங்கு தமிழ் பேசினவங்க.

இப்போ கவனிங்க. ஒப்பந்தம் ஐந்து வருஷம். முடிஞ்சா ஊர் திரும்பக் கப்பல் உண்டுன்னு காகிதத்தில் இருந்துச்சு. போனவங்களில் பாதிக்கும் குறைவானவங்கதான் திரும்பினாங்க. ஆள் பிடிச்சவங்களுக்குப் பேரு "மேஸ்திரி". பிரெஞ்சு ஆவணங்களிலும் அதே சொல்தான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பதிவு எண். நான் கழுத்தில் ஐடி கார்டு தொங்க இதைப் படிச்சுட்டு இருந்தேன். எங்க கேன்டீனில் எனக்கு எதிரே உக்காருற பீகார் பையன் ஒரு கான்ட்ராக்டர் வழியா வந்தவன், அவன் ஒப்பந்தம் பதினொரு மாசம். ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல. அவன் ரயில் ஏறி வீட்டுக்குப் போகலாம், போறான். ஆனா "மேஸ்திரி"ங்கிற சொல் ரெண்டு இடத்திலும் இருக்கு, அது எனக்கு உறுத்துது.

இன்னொரு வேடிக்கை. ஆளுக்கு முன்னாடி துணி போயிடுச்சு. மார்த்தினிக் பெண்களின் பாரம்பரிய உடையில் தலையில் கட்டுற கட்டம் போட்ட துணிக்குப் பேரே "மத்ராஸ்". இங்கே நெய்த துணி, கப்பல் வணிகத்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே புழக்கத்தில் இருந்துச்சு. துணிக்கு அங்கே பெரிய மரியாதை. அதை நெய்த ஊர்க்காரங்களுக்கு? "கூலி". நம்ம சொல்தான், உழைப்புக்குக் கிடைக்கிற காசு. அங்கே அது முதலில் ஆளுக்குப் பேராச்சு, அப்புறம் திட்டாச்சு.

நான் இந்த எபிசோடை எழுத ஆரம்பிச்சப்போ தலைப்பு "கரீபியனில் வாழும் தமிழ்"னு வெச்சிருந்தேன். மாத்திட்டேன். ஏன்னா அந்தத் தீவுகளில் வீட்டுப் பேச்சா தமிழ் வாழல. பிரெஞ்சும் கிரியோலும்தான். தங்கினது வேற. பெயர்கள்: ராமசாமி, முத்துசாமி எல்லாம் குடும்பப் பெயரா, பிரெஞ்சு எழுத்தில் கொஞ்சம் நசுங்கி. குவாதலூப்பில் இந்திய வம்சாவளிக்குக் குடியுரிமை கேட்டு 1904-லிருந்து 1923 வரை வழக்கு நடத்தி ஜெயிச்சவர் பேரு ஆன்றி சிதம்பரம். "கொலம்போ"ங்கிற பேரில் மசாலாக் குழம்பு. மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் வழிபாடு. தெருக்கூத்திலிருந்து வந்த "நாத்ரோன்", அதாவது நாடகம். அப்புறம் "தப்பு".

தப்பு, நம்ம பறை. அங்கே கோயிலில் சாமியை அழைக்கிற கருவி அது, தீயில் காய்ச்சித்தான் அடிக்கிறாங்க. இங்கே? அதை அடிச்சவங்களைக் கோயிலுக்கு உள்ளேயே விடாத ஊர்கள் எத்தனை. சாதி அங்கே கரைஞ்சதா, எவ்வளவு கரைஞ்சதுங்கிறது தனி எபிசோட். ஆனா மொழியை விட்டவங்க கருவியை விடல, நாம மொழியை வெச்சுக்கிட்டுக் கருவியைத் தெருவில் நிறுத்தினோம். இதைச் சொல்லாம "தமிழன் எங்கும் சாதிச்சான்"னு மட்டும் பேச எனக்கு வாய் வரல.

சேன்-பியேருக்கு வருவோம். 1902 மே 8, காலை எட்டு மணி. பெலே எரிமலை வெடிச்சு, சில நிமிஷத்தில் ஊரே சாம்பல். சுமார் 28,000 பேர் செத்தாங்க. நாடக அரங்கத்தை ஒட்டின சிறையில், கனமான சுவர் வெச்ச அறையில் இருந்த சிபாரிஸ்னு ஒரு கைதி பிழைச்சார். அரங்கத்தின் படிக்கட்டும் அந்த அறையும் இன்னைக்கும் இருக்கு. பிகின் ஃபோர்-த-பிரான்ஸ் நகருக்கு நகர்ந்து, 1929-ல் அலெக்சாந்த்ர் ஸ்டெலியோவின் கிளாரினெட்டோட பாரிஸ் போச்சு. நான் பஸ்ஸில் கேட்டது அந்த வழியில் வந்த இசைதான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். அந்தத் தீவுகளில் இருக்கிற பலர் இப்போ பழைய பதிவு எண்ணை வெச்சு முன்னோர் ஊரைத் தேடுறாங்க. உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது "நம்ம பங்காளி ஒருத்தர் பிரெஞ்சுத் தீவுக்குக் கப்பல் ஏறினார், திரும்பல"ன்னு சொல்லியிருந்தா, அந்த ஊர்ப் பேரையும் தெரிஞ்ச பேரையும் ஒரு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வாலாஜாபாத், எந்தப் பக்கமா இருந்தாலும் சரி.