வெள்ளணுக்களைப் பெருக்கும் ஊசி

குளுவாங், சிகாமட், யோங் பெங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சென்று, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. ஒரு வாரம் கழித்து நள்ளிரவில் காய்ச்சல் காண்கிறது. வீட்டார் பனடோல் கொடுத்து, விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அது எவ்வளவு ஆபத்தானது என்பது இந்த மருந்துகளின் வரலாற்றைக் கேட்டால் விளங்கும்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் மனத்தாங்கலுக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் சான்றிதழோடு வெளியேறினார். 1923இல் அமெரிக்கா சென்றார். அங்கே லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவரும் அவருடைய குழுவினரும் போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தார்கள். உயிரணுக்கள் பெருகுவதற்கு அந்தச் சத்து வேண்டும். பிறகு, பார்வைக்கு அதைப்போலவே இருந்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் ஆக்கினார்கள். பூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் கள்ளச்சாவி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி பார்பர் அவற்றில் ஒன்றை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948 ஜூனில் அவர் வெளியிட்ட அறிக்கையில், 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகக் குணம் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

கள்ளச்சாவிக்கு நல்லது கெட்டது தெரியாது. புற்று அணுவைப் போலவே எலும்பு மச்சையில் வேகமாகப் பெருகும் அணுக்களையும் அது தாக்கிற்று. கிருமிகளோடு போரிடும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் ஒரு நாள்கூட நிலைப்பதில்லை. புதியவை பிறக்காவிட்டால் அவைதாம் முதலில் குறையும். மருந்து ஏற்றிய பத்து நாள் அளவில் காவலே இல்லாத வீடு போல உடல் கிடக்கும். புற்றுக்குத் தப்பியவர்கள் சிலர் சாதாரணக் கிருமிக்கு இரையானது இப்படித்தான்.

விடை மெல்போர்னில் பிறந்தது. 1965இல் டொனால்ட் மெட்காப், ரே பிராட்லி என்னும் இருவர் எலியின் மச்சை அணுக்களைக் கூழ் போன்ற பொருளில் வளர்த்தனர். உடலில் சுரக்கும் ஏதோ ஒன்று சேர்ந்தால் மட்டுமே அவை பெருகின. அது மிக மிகச் சொற்பமாகக் கிடைக்கும் பொருள். வெள்ளணுவைப் பெருக்கும் சுரப்பைத் தனியாகப் பிரிக்க 1983 வரை பாடுபட்டார்கள்! 1986இல் மனித உடலில் அதை உண்டாக்கும் மரபணு கிடைத்தது. அதைக் குடலில் வாழும் ஒரு கிருமிக்குள் புகுத்தி, அந்தக் கிருமியைக்கொண்டே மருந்தைச் செய்தார்கள். கிருமியிடம் வேலை வாங்கிக் கிருமிக்கு எதிராகக் காவல் திரட்டியதை எண்ணி நாம் சிரித்துக்கொள்ளலாம். 1991இல் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது. 2008 முதல் ஐரோப்பாவில் அதே போன்ற மலிவான மருந்துகளும் வந்தன.

மருந்து ஏற்றி ஒரு நாளாவது கழித்தே தோலுக்கு அடியில் இந்த ஊசியைப் போடுவார்கள். முடி உதிர்வதையும் வாந்தியையும் இது நிறுத்தாது. எல்லோருக்கும் தேவையும் இல்லை. அதை மருத்துவர் முடிவு செய்வார். இடுப்பும் முதுகும் கடுமையாக வலிக்கலாம். மச்சை மும்முரமாக வேலை செய்வதால் வரும் வலி அது. தாங்க முடியாவிட்டால் சொல்லுங்கள். ஆனால் பயந்து ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

ஊசி போட்டிருந்தாலும் உடம்புச் சூடு 38 பாகையைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பனடோல் சூட்டை மறைக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. அந்த இரவே வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போய், "மருந்து ஏற்றிக்கொண்டவர்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். பட்டணத்திலிருந்து கொண்டுவரும்போதும் பனிக்கட்டி நேரே படாதபடி துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.