நஞ்சிலிருந்து மருந்துக்கு: பீட்டர் ஜோன்ஸின் ஆய்வுத்தடம்

1964இல் பிராக் நகரில் அலோயிஸ் பிஸ்கலா, ஃப்ரான்டிஷெக் ஷோர்ம் என்னும் வேதியியலாளர்கள் உருவாக்கிய 5-அசாசைட்டிடின், புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் நஞ்சாகவே முதலில் கருதப்பட்டது. அது கொல்வதோடு நில்லாமல் செல்லின் இயல்பையே மாற்றவல்லது என்று நிறுவியவர்களுள் முதன்மையானவர், 1947இல் கேப்டவுனில் பிறந்த பீட்டர் ஜோன்ஸ். ஓர் ஆய்வாளரின் செல்வாக்கை அவர் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையாலும் பிறர் அவற்றை மேற்கோள் காட்டிய அளவாலும் மதிப்பிடுவது இன்று வழக்கம். அவ்வகையிலும் ஜோன்ஸின் பட்டியல் நீண்டதே. ஆயினும் அப்பட்டியலின் அடித்தளம் 1977 முதல் 1980 வரை வெளிவந்த மூன்று கட்டுரைகளில்தான் இருக்கிறது.

கான்ஸ்டன்டினிடிஸ், கெவர்ஸ் ஆகியோருடன் ஜோன்ஸ் எழுதிய முதற்கட்டுரை 1977இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. வேதிப்பொருள்கள் புற்றுநோயைத் தூண்டுகின்றனவா என்று சோதிக்கப் பயன்பட்டுவந்த, 10டி½ எனப்படும் எலிக்கருச் செல்களில் 5-அசாசைட்டிடினை இட்டபோது, தசையாகும் அறிகுறி எதுவும் இல்லாதிருந்த அச்செல்களிடையே வரித்தசை இழைகள் தோன்றிச் சுருங்கி விரிந்தன. லாஸ் ஏஞ்சலீசுக்கு இடம்பெயர்ந்த ஜோன்ஸ், ஷெர்லி டெய்லருடன் 1979இல் வெளியிட்ட கட்டுரை, கொழுப்புச் செல்களும் குருத்தெலும்புச் செல்களும் அவ்வாறே உருவாவதைக் காட்டியது. மரபணு எழுத்துகளில் அங்குமிங்கும் நேரும் அரிய பிழைகளால், அதாவது திடீர் மாற்றங்களால், இவ்வளவு ஒழுங்கான மாற்றம் இத்தனை செல்களில் நிகழ்ந்திருக்க இயலாது.

அப்படியானால் அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கான விடை 1980இல், ‘செல்’ இதழில் இருவரும் எழுதிய கட்டுரையில் கிடைத்தது. டி.என்.ஏ.வின் எழுத்துகளுள் ஒன்றான சைட்டோசினின் ஐந்தாம் இடத்தில் மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி இணைவதை மெத்திலேற்றம் என்பர்; எழுத்து மாறாமலே மரபணுவின் செயல் அடங்கவும், அந்த அடக்கம் செல் பிரியும்போது சேய்ச் செல்களுக்குச் செல்லவும் அது வழிசெய்யலாம் என 1975இலேயே ஆர்தர் ரிக்ஸும், ராபின் ஹாலிடே, ஜான் பியூ ஆகியோரும் தனித்தனியே கருதுகோள் முன்வைத்திருந்தனர். இத்தகைய மாற்றங்களை ஆராயும் துறையே எபிஜெனெடிக்ஸ் எனப்படும் மேல்மரபியல். ஜோன்ஸும் டெய்லரும் கையாண்ட சோதனையின் அழகு அதன் எளிமையில் உள்ளது: ஐந்தாம் இடத்தில் திருத்தம் பெற்ற சேர்மங்கள் மெத்திலேற்றத்தைத் தடுத்தன, தசையையும் உருவாக்கின, திருத்தம் ஆறாம் இடத்தில் அமைந்த 6-அசாசைட்டிடினோ இரண்டையும் செய்யவில்லை. ஓர் அணுவின் இடமாற்றம் கருதுகோளுக்கு உறுதியான சான்றைத் தந்தது.

இக்கட்டுரைகளின் பயன் புற்றுநோய்க்கு அப்பாலும் சென்றது. 10டி½ செல்களிலிருந்து 5-அசாசைட்டிடினால் பெற்ற தசைமுன்னோடிச் செல்களைக் கொண்டே, ஹெரால்ட் வைன்ட்ராப்பின் ஆய்வகம் 1987இல், தசை உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் மையோ-டி என்னும் மரபணுவைக் கண்டறிந்தது. புற்றுநோயில், கட்டி வளராமல் காக்கும் மரபணுக்கள் மிகை மெத்திலேற்றத்தால் வாயடைக்கப்படுவதைப் பல ஆய்வகங்கள் 1990களில் நிறுவின. சிதறிக்கிடந்த அச்சான்றுகளை ஒழுங்குபடுத்தி, ஸ்டீபன் பெய்லினுடன் ஜோன்ஸ் 2002இலும் 2007இலும் எழுதிய திறனாய்வுக் கட்டுரைகள் இத்துறைக்குப் பாடநூல்போல் அமைந்தன. திறனாய்வுக் கட்டுரைகள் மூல ஆய்வுகளுக்குரிய மேற்கோள்களைத் தம்பால் ஈர்த்துக்கொள்கின்றன என்ற குறை நியாயமானதே. எனினும், ஐயத்துடன் பார்க்கப்பட்ட ஒரு கருத்தை மருத்துவர்களும் ஏற்கும்படி எடுத்துரைப்பதும் அறிவுப்பணியே. எண்ணிக்கை சார்ந்த அளவுகோல்கள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

5-அசாசைட்டிடினைச் செல்லைக் கொல்லும் அளவில் கொடுத்துக் கடும் பக்கவிளைவுகளைக் கண்ட மருத்துவர்கள், பின்னர் குறைந்த அளவில் பலமுறை கொடுத்துப் பார்த்தனர். எலும்பு மஜ்ஜை முதிர்ந்த இரத்தச் செல்களை உருவாக்கத் தவறும் மைலோடிஸ்பிளாஸ்டிக் நோய்க்கு அமெரிக்க அரசு 2004இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. 1980ஆம் ஆண்டுக் கட்டுரையில் சோதிக்கப்பட்ட மற்றொரு சேர்மமும் டெசிடபின் என்னும் பெயரில் 2006இல் ஒப்புதல் பெற்றது. இந்நோயின் தீவிர வகையினரிடம் நடந்த ஒரு பெரும் சோதனையில், வழக்கமான சிகிச்சை பெற்றோரின் இடைநிலை ஆயுட்காலம் 15 மாதங்களாக இருக்க, 5-அசாசைட்டிடின் பெற்றோருக்கு அது 24.5 மாதங்களாக உயர்ந்ததை 2009இல் வெளியான முடிவுகள் காட்டின.

ஆயினும் மருந்து செயல்படும் விதம் பற்றிய விளக்கம் அத்துடன் முடியவில்லை. ஜோன்ஸின் ஆய்வகத்தில் பயின்ற டேனியல் டி கார்வாலோ டொரன்டோவிலிருந்து, ஜோன்ஸையும் இணையாசிரியராகக் கொண்டு 2015இல் வெளியிட்ட கட்டுரை, மெத்திலேற்றம் குன்றும்போது மனித மரபணுத்தொகுதியில் உறங்கிக்கிடக்கும் பண்டைய வைரஸ் வரிசைகள் விழித்து, தொற்று நேர்ந்ததுபோல் புற்றுநோய்ச் செல்லின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதாகக் காட்டியது.